நிழல் விழாத உழவன்

கிராம வாழ்வைக் காட்டும் ஓவியத்தை வகுப்பறையில் விளக்கத் தொடங்கும்போது, ஒளி எங்கிருந்து வருகிறது என்பதே பெரும்பாலும் முதற்கேள்வியாகிறது. ஒளியின் திசை தெரிந்தால் ஓவியத்தின் உணர்வும் பிடிபட்டுவிடும் என்பது அதன் பின்னுள்ள நம்பிக்கை. ழான் பிரான்சுவா மில்லே 1857இல் வரைந்த 'கதிர் பொறுக்குவோர்' ஓவியத்துக்கு இம்முறை பொருந்தும். அங்கே பொன்வெயில் தொலைவிலுள்ள போர்களின் மீது படிகிறது. குனிந்து கதிர் பொறுக்கும் பெண்களின் முகங்களோ நிழலில் இருக்கின்றன. விளைச்சல் யாருக்கு என்பதை ஒளியே சொல்லிவிடுகிறது.

இதே அளவுகோலை நந்தலால் போஸின் ஹரிபுரா ஓவியங்களுக்கும் பொருத்துவதுதான் பிழை. 1938 பிப்ரவரியில் குஜராத்தின் ஹரிபுராவில் கூடிய காங்கிரஸ் மாநாட்டுக்காக, காந்தியின் விருப்பத்தை ஏற்று அவர் வரைந்தவை அவை. உழவர், மேளம் கொட்டுவோர், தச்சர், வேட்டைக்காரர் எனப் பலரும் தட்டையான வண்ணப்பரப்பிலும் விரைவான தடித்த கோட்டிலும் உருப்பெறுகிறார்கள். ஒளி வரும் திசை இல்லை. தரையில் விழும் நிழலும் இல்லை. உடனே 'அலங்காரம் மிகுதி, உணர்வாழம் குறைவு' என்று எழுதிவிடுவது எளிது.

ஆனால் அவை மாநாட்டுத் திடலில், நடந்து வரும் கிராமத்தார் பார்ப்பதற்காக வைக்கப்பட்டவை. ஒளி ஓவியத்துக்கு வெளியே இருந்தது. வரையப்பட்ட உழவன் மீதும், அவனைப் பார்த்து நின்ற உழவன் மீதும் ஒரே பகல் வெளிச்சம் விழுந்தது. உணர்வைச் சுமப்பது இங்கே உடலை வளைத்துச் செல்லும் கோடு. அது இரக்கத்தைக் கோருவதில்லை. தொழில் செய்யும் உடலின் மிடுக்கைக் காட்டுகிறது.

இந்த நிழலின்மைக்கு ஒரு விலையும் உண்டு. நிலவரி உயர்வை எதிர்த்து 1928இல் போராடிய பர்தோலி அருகிலேயே இருந்தது. கிராமத்தின் கடனும் சாதியும் இந்தச் சீரான வண்ணங்களில் எளிதில் மறைந்துபோகும். அந்த விமர்சனம் நியாயமானது. ஆனால் ஓவியத்தை அதன் மொழியிலேயே வாசித்த பிறகே அதற்கு வலு உண்டு.

இன்று இவற்றில் பல, தில்லியின் தேசிய நவீனக் கலைக்கூடத்தின் தொகுப்பில் உள்ளன. மாணவர் முதலில் கேட்க வேண்டியது, இவை எந்த வெளிச்சத்தில், யார் பார்ப்பதற்காக வரையப்பட்டன என்பதே.