எல்லாருக்கும் சொந்தமான படம் பாழாகலாமா?

ஏழை வீட்டில் இருந்தது ஒரே ஒரு நகை. அதையும் பறி கொடுத்துவிட்டால் அந்த வீட்டில் என்ன மிஞ்சும்?

ஒரு சினிமாப் படத்துக்கு அந்தக் கதிதான் ஏற்பட்டது. பல ஆண்டுகளுக்குப் பிறகு அந்த நகை திரும்பக் கிடைத்தது.

படத்தின் பெயர் "டீட்டூர்". மாற்றுப்பாதை என்று பொருள். 1945-ம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்தது. டைரக்ட் செய்தவர் எட்கர் உல்மர். பி.ஆர்.சி. என்ற சிறிய கம்பெனி தயாரித்தது. பெரிய நட்சத்திரங்கள் கிடையாது. படம் ஓடும் நேரம் 68 நிமிடம்தான்.

கதை என்ன?

நியூயார்க் நகரில் பியானோ வாசிப்பவன் ஆல். அவன் காதலி பாடகி. சினிமாவில் சேரும் ஆசையில் அவள் ஹாலிவுட் போய்விட்டாள். அவளைத் தேடி அவனும் புறப்படுகிறான். கையில் காசு இல்லை. வழியில் வரும் கார்களைக் கைகாட்டி நிறுத்தி, இடம் கேட்டுக் கேட்டுப் போகிறான்.

அரிசோனாவில் ஒருவர் தன் காரில் ஏற்றிக்கொள்கிறார். மழை பெய்கிறது. தூங்கிக்கொண்டிருந்த அந்த மனிதர் எழுந்திருக்கவில்லை. ஆல் கதவைத் திறக்கிறான். அவர் கீழே சாய்ந்து விழுகிறார். தலை கல்லில் மோதுகிறது. உயிர் இல்லை!

போலீசாரிடம் சொல்லியிருக்கலாம். "யார் நம்புவார்கள்?" என்று அவன் பயந்தான். பிணத்தை மறைத்தான். இறந்தவரின் உடை, பணம், கார், பெயர் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டான்.

அடுத்த நாள் ஒரு பெண்ணைக் காரில் ஏற்றுகிறான். அவள் பெயர் வேரா. அவளோ இறந்தவரை முன்பே அறிந்தவள்! "காட்டிக் கொடுப்பேன்" என்று மிரட்டி அவனை ஆட்டிப் படைக்கிறாள். அதற்குப் பிறகு நடப்பதைப் படத்தில் பார்ப்பதே நல்லது.

"எல்லாம் விதி" என்று அவன் கடைசிவரை புலம்புகிறான். விதியா? அவனே தேடிக்கொண்ட வினையா? பார்ப்பவர்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

பனியே நகரம்!

இந்தப் படம் 6 நாளில் எடுக்கப்பட்டது என்று உல்மர் சொல்லிக்கொண்டதுண்டு. அது கொஞ்சம் கூட்டிச் சொன்னது. கம்பெனியின் பழைய கணக்குகளைப் பார்த்தவர்கள், அதைவிட அதிக நாள் ஆயிற்று என்கிறார்கள். செலவும் ஒரு லட்சம் டாலருக்கு மேல். ஆனாலும் ஹாலிவுட் கணக்கில் அது சிறிய தொகைதான்.

நியூயார்க் தெருவைக் கட்டிக் காட்டப் பணம் இல்லை. உல்மர் என்ன செய்தார்? பனிமூட்டத்தை நிரப்பினார். ஒரு தெரு விளக்கு. இரண்டு பேர் நடக்கிறார்கள். அவ்வளவுதான் நகரம்!

உணவு விடுதிக் காட்சி இன்னொன்று. சுற்றிலும் இருள் சூழ்கிறது. அவன் கண்களில் மட்டும் வெளிச்சம் விழுகிறது. அந்தக் கண்களே பாதிக் கதையைச் சொல்லிவிடுகின்றன.

ஒளியும் நிழலுமே இந்தப் படத்தின் செல்வம். ஏழை வீட்டு நகை அதுதான்.

காவல் இல்லாத சொத்து

அந்நாளைய அமெரிக்கச் சட்டப்படி, 28-வது ஆண்டில் படத்தின் உரிமையைப் புதுப்பிக்க வேண்டும். இந்தப் படத்துக்கு யாரும் அதைச் செய்யவில்லை. படம் பொதுச் சொத்தாகிவிட்டது.

யார் வேண்டுமானாலும் பிரதி எடுக்கலாம், விற்கலாம். எடுத்தார்கள், விற்றார்கள். பிரதியைப் பார்த்துப் பிரதி, அதைப் பார்த்து இன்னொரு பிரதி! வீடியோ கேசட்டில் வந்தது, டி.வி.டி. தட்டில் வந்தது. கீறலும் கறையும் கூடவே வந்தன. பனிமூட்டம் வெறும் சாம்பல் நிறமாயிற்று. நடிகர்களின் முகம் மங்கியது.

இதில் ஒரு நன்மையும் உண்டு. விலை மலிவாகக் கிடைத்ததால் பலர் படத்தைப் பார்த்தார்கள். அதன் புகழ் வளர்ந்தது. 1992-ம் ஆண்டு, அமெரிக்க நாட்டின் காக்கப்பட வேண்டிய படங்களின் பட்டியலில் அதுவும் இடம்பெற்றது.

பட்டியலில் பெயர் ஏறினால் மட்டும் கறை போய்விடுமா?

மீட்டார்கள்!

ஆஸ்கார் விருது வழங்கும் அகாடமியின் காப்பகம் நல்ல பிரதியைத் தேடியது. டைரக்டர் மார்ட்டின் ஸ்கார்செசி 1990-ல் தொடங்கிய திரைப்பட அறக்கட்டளை துணை நின்றது. பெல்ஜியம் நாட்டுக் காப்பகத்தில் நல்ல பிரதி இருந்தது. ஆனால் அங்குள்ள மக்களுக்காக, மொழிபெயர்த்த வசனம் படத்தின் மேலேயே பதிந்திருந்தது. அந்த எழுத்துகளை நீக்கினார்கள். கீறல்களைத் துடைத்தார்கள். ஒலியைச் சீர் செய்தார்கள்.

2019-ம் ஆண்டு மார்ச்சில் கிரைட்டீரியன் நிறுவனம், வீட்டில் போட்டுப் பார்க்கும் டி.வி.டி., புளூ-ரே தட்டுகளாக அதை வெளியிட்டது.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். அமெரிக்காவில் கார்கள் சாலையின் வலப்புறம் செல்லும். இந்தப் படத்தில் சில இடங்களில் இடப்புறம் செல்கின்றன! பிலிமைத் திருப்பிப் போட்டதால் வந்த வினை அது. புதிய தட்டிலும் அது அப்படியே இருக்கிறது. அழுக்கைத் துடைத்தார்கள், முகத்தை மாற்றவில்லை. அதுதான் சரி.

தேவையா?

"மலிவாக எடுத்த கொலைக் கதை. அதற்கு இவ்வளவு உழைப்பு வேண்டுமா?" என்று சிலர் கேட்கலாம்.

கட்டாயம் வேண்டும். பணக்காரப் படங்களைக் காக்கப் பெரிய கம்பெனிகள் இருக்கின்றன. ஏழைப் படத்துக்கு யார் இருக்கிறார்கள்? ஊர்க் கிணற்றில் எல்லாரும் தண்ணீர் எடுக்கலாம். தூர் வாருவதற்கு மட்டும் ஆள் வராது. பொதுச் சொத்து அப்படித்தான் பாழாகிறது.

இந்தக் கதை சொல்லும் பாடமும் சிறியதல்ல. ஒரு நிமிடப் பயத்தில் உண்மையை மறைத்தான் ஒருவன். அதை மறைக்க அடுத்த பொய். அப்புறம் வாழ்க்கை முழுவதும் மாற்றுப்பாதைதான்! வளர்ந்த பிள்ளைகளுடன் பெற்றோர் உட்கார்ந்து பார்த்துப் பேசத்தக்க படம் அது. சிறு குழந்தைகளுக்கு ஏற்றதல்ல.

உல்மரும் கதாநாயகன் டாம் நீலும் 1972-ல் காலமானார்கள். வேராவாக நடித்த ஆன் சாவேஜ் 2008-ல் மறைந்தார். தங்கள் படம் பளிச்சென்று மீண்டதை மூவருமே பார்க்கவில்லை.

பார்க்கும் பேறு இன்றைய மக்களுக்குக் கிடைத்திருக்கிறது. கிணற்றைத் தூர் வாரிவிட்டார்கள். மறுபடியும் குப்பை விழாமல் பார்த்துக்கொள்வது, அதில் தண்ணீர் எடுக்கும் எல்லாருடைய கடமை!