வெயிலைக் கேட்டு வாங்கும் தெரு

லண்டனில் இருக்கும் என் தங்கை மகன் போனை எடுத்ததும் வானிலை வாசிப்பான். காலையில் வெயிலாம், பத்து மணிக்குத் தூறலாம், மதியம் மறுபடி வெயிலாம். குடையை நம்புவதா கறுப்புக் கண்ணாடியை நம்புவதா என்பது அவன் கவலை. வெயில் வந்தால் அங்கே பூங்காவில் போய்ப் படுத்துக்கொள்கிறார்களாம். படவேட்டில் பங்குனி முதல் ஆனி வரை வெயிலைத் திட்டியே தொண்டை வறளும் எனக்கு இது முதலில் வேடிக்கையாகத்தான் இருந்தது. பிறகுதான் எங்கள் பக்கத்து நெசவாளிகள் நினைவுக்கு வந்தார்கள். தெருவில் பாவு நூலை நீட்டிக் கஞ்சி போட்டால், அது காயும்வரை அவர்கள் பார்வை பாதி இழையில், பாதி ஜவ்வாது மலைப் பக்கம். அங்கே கறுத்தால் போச்சு. பாவைச் சுருட்டிக்கொண்டு ஓட வேண்டும். ஐப்பசி இன்னும் மோசம். தீபாவளிக்குப் பட்டுப்புடவை கேட்டு ஆரணிக் கடைகள் அவசரப்படுத்தும் அதே நாட்களில்தான் வடகிழக்குப் பருவமழையும் வந்து இறங்கும். ஈரக்காற்றில் இழை தளர்ந்து தறி மக்கர் பண்ணும். அடைமழை என்றால் குழித்தறியின் குழியில் தண்ணீர் ஊறிவிடும். காலை மிதிக்கு நீட்டவே முடியாது. மழையில்லாமலும் ஆகாது, ஏரி நிரம்ப வேண்டுமே, காணி வைத்திருப்பவரும் அதே நெசவாளி வீட்டில்தானே இருக்கிறார்! போன ஐப்பசியில் நாலு நாள் மூட்டத்துக்குப் பிறகு சுள்ளென்று வெயிலடித்தது. எதிர்வீட்டுப் பெரியவர் திண்ணையிலிருந்து எழுந்து வானத்தைப் பார்த்து, “மத்தியானம் வரைக்கும் இரு, போதும்” என்றார், வந்த விருந்தாளியிடம் சொல்வதுபோல.