பொது மேய்ச்சல் வெளியும் டோர்பெல் கிராமத்தாரும்

பொது நிலம் எங்கே உண்டோ அங்கே பாழும் உண்டு என்பது படித்தோரிடத்தும் பாமரரிடத்தும் ஒருங்கே வழங்கிவரும் எண்ணமாகும். 1968-ம் வருஷத்தில் அமெரிக்க உயிரியல் அறிஞர் கேரட் ஹார்டின் எழுதிய கட்டுரை ஒன்று இவ்வெண்ணத்திற்கு உலகெங்கும் வலுவளித்தது. பலருக்கும் திறந்துகிடக்கும் மேய்ச்சல் வெளியில் ஒவ்வொருவனும் தன் இலாபத்தைக் கருதி மேலும் ஒரு மாட்டை ஓட்டிவிடுவான். மாட்டின் பயன் அவனுக்கே சேரும். புல் அழிவதன் நஷ்டமோ எல்லோர்க்கும் பங்காகும். ஆதலின் வெளி கட்டாந்தரையாதல் திண்ணம் என்பது அவர் வாதத்தின் சாரம். இதைக்கொண்டு, பொது நிலத்தைத் தனியாருக்குப் பிரித்துக் கொடுக்கவேண்டும், அன்றேல் சர்க்காரே கைக்கொள்ளவேண்டும் என்னும் முடிவுக்குப் பலர் வந்தனர். இவ்விரு வழிகளையும் நாடாமலே பல நூற்றாண்டுகளாகத் தன் மேய்ச்சலைக் காத்துவந்த சிற்றூர் ஒன்று சுவிட்சர்லாந்து தேசத்தில் உண்டு. அதன் வரலாற்றை அறிந்தோர் அம்முடிவை அத்துணை எளிதில் ஏற்கமாட்டார்.

அவ்வூரின் பெயர் டோர்பெல். ஆல்ப்ஸ் மலைத்தொடரில், வாலே மாகாணத்தில், விஸ்ப் பள்ளத்தாக்கின் செங்குத்தான சரிவொன்றில், கடல் மட்டத்திற்குமேல் சுமார் 1500 மீட்டர், அதாவது ஏறக்குறைய 4,900 அடி உயரத்தில் அமைந்துள்ளது. சுற்றிலும் பனிமலைகள் இருந்தபோதிலும் அப்பள்ளத்தாக்கில் மழை குறைவு. ஆதலின் மலையோடைகளின் நீரைச் சரிவின் குறுக்கே வெட்டிய வாய்க்கால்களில் கொணர்ந்து புல்நிலங்களுக்குப் பாய்ச்சுவது அங்கே தொன்றுதொட்ட வழக்கமாகும். ரை என்னும் தானியமும், பதினெட்டாம் நூற்றாண்டுக்குப் பின் உருளைக்கிழங்கும், பாலும் பாலடைக்கட்டியுமே அவர்களுடைய ஜீவனத்திற்கு ஆதாரமாயிருந்தன. தானியத்தை மரக்களஞ்சியங்களில் சேமிப்பர். களஞ்சியத்தின் கால்களுக்கு மேல் எலி ஏறாதபடி வட்டக் கற்பலகைகளை வைப்பர். கோடையில் மாடுகள் ஊருக்கு மேலுள்ள மலைப்புல்வெளிக்கு ஏறிவிடும். அவ்வெளிக்கே ஆல்ப் என்று பெயர். அவை மேலே மேயுங்கால், குடியானவர் கீழேயுள்ள தங்கள் சொந்தப் புல்நிலங்களில் புல்லறுத்து உலர்த்தித் தொழுவத்தில் சேர்ப்பர். நீண்ட பனிக்காலம் முழுவதும் மாடுகள் தொழுவில் அடைபட்டு அவ்வுலர்புல்லைத் தின்றே உயிர்வாழவேண்டும்.

இவ்வூரில் எல்லாம் பொது என்று கருதுதல் பிழையாகும். தானிய நிலம், தோட்டம், கொடிமுந்திரித் தோட்டம், புல்லறுக்கும் நிலம் ஆகியவை பெரும்பாலும் தனித்தனிக் குடும்பங்களுக்குச் சொந்தம். 1224-ம் வருஷம் முதலாகவே நிலக் கைமாற்றத்தைக் குறிக்கும் சாசனங்கள் அங்கே கிடைக்கின்றன. பெற்றோர் சொத்தில் மக்கள் அனைவர்க்கும் சமபாகம் உண்டு. ஒரே வீட்டின் பகுதிகளும் ஒரே களஞ்சியத்தின் பங்குகளுங்கூட உடன்பிறந்தாருக்குள் பிரிந்து நிற்கும். பொதுவாக வைத்திருந்தவை மலை மேய்ச்சல், காடு, தரிசு, பாசன வாய்க்கால், பாதை ஆகிய ஐந்துமே. உழைப்புக்கேற்ற விளைவை நிச்சயமாகத் தரும் நிலத்தைத் தனியுடைமையாகவும், பரப்பு மிகுதியும் பயன் குறைவும் உள்ளதாய், ஒருவரால் தனியே வேலியிட்டுக் காக்க இயலாத நிலத்தைப் பொதுவாகவும் அவர்கள் வைத்துக்கொண்டனர். தனியுடைமை இன்னதென்று அறியாதவர்கள் அல்லர். அறிந்தே இவ்வாறு பகுத்தனர்.

1483-ம் வருஷம் பிப்ரவரி மாதம் 1-ந் தேதி ஊரார் கூடி, மலை மேய்ச்சல், காடு, தரிசு ஆகியவற்றை நிர்வகிக்கும் பொருட்டு ஒரு சங்கம் கண்டு, அதன் விதிகளை எழுதிக் கையொப்பமிட்டனர். அயலான் ஒருவன் ஊரில் நிலம் வாங்கினாலும், அதன் காரணமாக மட்டும் பொது மேய்ச்சலிலோ மரம் வெட்டுவதிலோ அவனுக்கு உரிமை உண்டாகாது என்று அதில் விதித்தனர். 1507-ம் வருஷத்து ஆவணம் ஒன்று பொது நிலத்தின் எல்லைகளைக் காட்டுகின்றது. பின்னர் 1517-ம் வருஷத்தில் ஏற்பட்ட விதியே இவை எல்லாவற்றிலும் கவனிக்கத்தக்கது. பனிக்காலத்தில் எத்தனை மாடுகளைத் தன் தீவனத்தால் காப்பாற்ற வல்லனோ, அத்தனை மாடுகளுக்கு மேல் எந்தக் குடிமகனும் ஆல்ப்பிற்கு அனுப்பலாகாது என்பதே அவ்விதி.

இவ்விதியின் நுட்பம் யாதெனில், பொது நிலத்திற்குரிய வரம்பைப் பொது நிலத்தில் தேடாமல், ஒவ்வொருவனுடைய தொழுவத்திலேயே கண்டதாகும். மலைப்புல் எவ்வளவு தாங்கும் என்பது வாதத்திற்கு இடமானது. ஒருவனிடம் எவ்வளவு உலர்புல் உண்டு என்பதோ அண்டை வீட்டானுக்கும் தெரிந்தது. வேனிலில் மாடுகளை வாங்கி, பொதுவெளியில் இலவசமாக மேய்த்துக் கொழுக்கவைத்து, பனிக்கு முன் விற்றுப் பணம் பண்ணும் வியாபாரத்திற்கு இவ்விதியால் வழி அடைபட்டது. மேலும் ஒரு மாடு வேண்டுமென்பவன் மேலும் சிறிது புல்நிலத்தைப் பயிர்செய்யக் கடமைப்பட்டான். மாடுகள் மலைக்குப் புறப்படும்போது எண்ணப்பட்டமையால் மறைத்து அனுப்புவதும் எளிதன்று. அவ்வெண்ணிக்கையே வருஷாந்தரப் பாலடைக்கட்டிப் பங்கீட்டிற்கும் ஆதாரமாயிற்று.

விதி எழுதுவது எளிது, நடத்துவது அரிது. இதற்கென ‘அதிகாரம் உடையவர்’ எனப் பொருள்படும் பெயருடைய அலுவலர் ஒருவர் நியமிக்கப்பட்டார். வரம்பு மீறியவனுக்கு அவர் அபராதம் விதிப்பார். அபராதத்தில் பாதி அவருக்கே உரியது. வேலியே பயிரை மேய்வதற்கு இஃது இடந்தராதோ என்று சிலர் ஐயுறலாம். அவ்வையத்திற்கு விடை ஊர்க்கூட்டத்தில் உள்ளது. மாடு வைத்திருக்கும் குடிமக்கள் யாவரும் சங்கத்தின் அங்கத்தினர்; வருஷந்தோறும் கூடி விதிகளை ஆராய்ந்து நிர்வாகிகளைத் தேர்ந்தெடுப்பர். வேண்டியவர் என்று விட்டுவிடும் அலுவலர் தம் வருமானத்தை இழப்பார். வேண்டாதவர் என்று வருத்தும் அலுவலரோ கூட்டத்தின் முன் நிற்கவேண்டும்.

உரிமையோடு கடமையும் அளந்து வைக்கப்பட்டது. பாதை செப்பனிடுதல், பனிச்சரிவால் இடிந்த பட்டிகளையும் குடிசைகளையும் மீண்டும் கட்டுதல் முதலிய வேலைகளில் அவரவர் அனுப்பும் மாட்டுக் கணக்கிற்கேற்ப உழைப்போ பணமோ கொடுக்கவேண்டும். மேய்ச்சலில் விழும் சாணத்தைப் புல்தரையெங்கும் பரப்புவதும் சங்கத்தின் வேலையே. காட்டிலோ, வெட்டத்தக்க மரங்களை அதிகாரிகள் குறியிடுவர். அவை சீட்டுக் குலுக்கிக் குடும்பங்களுக்குப் பகிர்ந்தளிக்கப்படும். குறியிடாத மரத்தில் எவரும் கைவைத்தலாகாது.

இவ்வேற்பாட்டைப் புகழ்வோர் அதன் மறுபக்கத்தை மறைத்தல் நேர்மையன்று. இதில் கிடைத்தது சமபாகம் அன்று. உலர்புல் மிகுதியாக உள்ளவனுக்கு மேய்ச்சலும் மிகுதி. ஒரு மாட்டையும் பனிக்காலத்தில் காக்க இயலாத ஏழைக்கு ஆல்ப்பில் அனுப்ப ஒன்றுமில்லை. அயலார்க்குக் கதவு அடைபட்டது. ஊருக்குள்ளேயும், பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜனத்தொகை பெருகுவதற்கு முன்பு, காலம் கடந்த விவாகம், விவாகமின்றியே வாழ்நாள் கழித்தல், ஊரைவிட்டுக் குடிபெயர்தல் ஆகியவற்றாலேயே நிலத்தின் மீதுள்ள பாரம் அடக்கப்பட்டிருந்தது. புல் காக்கப்பட்டதன் விலையில் ஒரு பகுதியை ஊரைவிட்டுச் சென்றோர் செலுத்தினர் என்றே கூறவேண்டும். ஆயினும் வரம்பின்றி விட்டிருந்தால் ஏழைக்கு நன்மை விளைந்திருக்கும் என்று கொள்ளுதல் பொருந்தாது. வரம்பில்லாத வெளியில் முதலில் நிறைவன வசதியுடையோர் மாடுகளே. வெளி அழிந்தபின் வேறு நிலமின்றி நிற்பவனோ ஏழையே.

அமெரிக்க மானிடவியல் அறிஞர் ராபர்ட் நெட்டிங், 1970-களில் இவ்வூரில் தங்கி, சாசனங்களையும் கோயிற் பதிவேடுகளையும் ஆராய்ந்து, 1981-ம் வருஷத்தில் ஒரு நூல் வெளியிட்டார். அதனை ஆதாரமாகக் கொண்டு எலினார் ஆஸ்ட்ரம் அம்மையார் 1990-ம் வருஷத்தில் பொதுவளங்களின் நிர்வாகம் பற்றித் தாம் எழுதிய நூலில் டோர்பெலை முதன்மையான உதாரணங்களுள் ஒன்றாக எடுத்துக்காட்டினார். 2009-ம் வருஷத்தில் பொருளாதாரத்திற்கான நோபெல் பரிசைப் பெற்ற முதற் பெண்மணி அவரே. ஹார்டினும் பிற்காலத்தில், தாம் கூறிய கேடு நிர்வாகமற்ற பொதுவெளிக்கே உரியது என்று திருத்தி விளக்கினார்.

இருபதாம் நூற்றாண்டில் ஊரார் பலர் பள்ளத்தாக்கிலுள்ள ஆலைகளில் வேலைக்கமர்ந்தனர், உழவு துணைத்தொழிலாயிற்று. இன்று ஆல்ப்ஸ் மலைப்பகுதிகள் பலவற்றில் மாடு மிகுவதால் அன்று, மாடும் மேய்ப்போரும் குறைவதாலேயே புல்வெளிகள் புதர்மண்டிக் காடாகின்றன. சுவிஸ் சர்க்கார் கோடைமேய்ச்சலுக்கு உதவித்தொகை அளித்தும் இக்குறை முற்றும் நீங்கவில்லை. பேராசையைத் தடுக்க ஏற்பட்ட விதி ஆளில்லாக் குறையைத் தீர்க்காது. காலத்திற்கேற்ற புதிய விதியை ஊரார் கூடியே காணவேண்டும். அங்ஙனம் கூடும் பழக்கமே முன்னோர் விட்டுச்சென்ற பெருஞ்சொத்தாகும்.

பொது நிலம் கெடுவது அது பொதுவாயிருப்பதால் அன்று. அதற்கு வரம்பும், வரம்பைக் காப்போரும், காப்போரைக் கேட்போரும் இல்லாமையால் என்பதே இவ்வூர் வரலாற்றினின்று பெறப்படும் முடிவு. மேலிருந்து வரும் உத்தரவு எத்துணைச் சிறந்ததாயினும், அண்டை வீட்டான் எண்ணிச் சரிபார்க்க இயலாத விதி ஏட்டளவிலேயே நிற்கும். எளிய கணக்கும், ஏற்ற அபராதமும், வருஷந்தோறும் தவறாத கூட்டமும் உள்ள இடத்தில், பெரும் படிப்பில்லாக் குடியானவரும் பல தலைமுறைகள் தாண்டிப் பொதுச் சொத்தைக் காக்க வல்லவர். பொது நிலத்தைப் பங்கிட்டு ஒழிக்க முன்வருவோர், அதற்கு முன் அதனை எண்ணி ஆள எவரேனும் முயன்றதுண்டா என்று விசாரித்தல் முறையாகும்.