கேள்வித்தாள் தெரிந்த மாணவன்

காலை 10 மணி. தட்கல் டிக்கெட்டுக்காக நாடு முழுவதும் லட்சக்கணக்கான விரல்கள் ஒரே நேரத்தில் ஒரே பட்டனை அழுத்துகின்றன. ஒவ்வொரு அழுத்தலும் ஒரு டேட்டாபேஸிடம் கேட்கப்படும் கேள்வி: இடம் இருக்கிறதா? பதில் ஒரு விநாடியில் வருமா, சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்குமா என்பதில் பயணிகளின் ஊர்ப் பயணமே அடங்கியிருக்கிறது.

இப்படிப்பட்ட வேலைக்கு எந்த கம்ப்யூட்டர், எந்த ஆப்பரேட்டிங் சிஸ்டம், எந்த டேட்டாபேஸ் என்று முடிவு செய்வது கோடிகளில் நடக்கும் விவகாரம். விற்பவர்கள் அத்தனை பேரும் தங்கள் சரக்குதான் வேகமானது என்பார்கள். வாங்குபவர் யாரை நம்புவது?

இதற்கு ஒரு பொதுத் தேர்வு வைத்தார் அமெரிக்க கம்ப்யூட்டர் விஞ்ஞானி ஜிம் கிரே. 1985 ஏப்ரலில் 'டேட்டாமேஷன்' பத்திரிகையில் தன் பெயரைப் போடாமல் வெளியிட்ட கட்டுரையில், ஒரு வங்கியைக் கற்பனை செய்தார். 1,000 கிளைகள், 10,000 காசாளர்கள், 1 கோடி கணக்குகள். பணம் போடுவதும் எடுப்பதும்தான் வேலை. நூற்றுக்கு 95 பரிவர்த்தனைகள் ஒரு விநாடிக்குள் முடிய வேண்டும். வேகத்தோடு, அந்த வேகத்துக்கு ஆகும் ஐந்தாண்டுச் செலவையும் சொல்ல வேண்டும்.

கம்பெனிகள் தேர்வை ஏற்றுக்கொண்டன, கஷ்டமான பகுதிகளை விட்டுவிட்டு. நெட்வொர்க்கைக் கழற்றினார்கள். காசாளர் யோசிக்கும் நேரத்தையும் நீக்கினார்கள். எண்கள் எகிறின. இந்தக் கூத்தைப் பொறுக்காத ஆய்வாளர் ஓம்ரி செர்லின், 1988 ஆகஸ்டில் எட்டு கம்பெனிகளைச் சேர்த்து டிபிசி என்ற அமைப்பை உருவாக்கினார். முடிவுகளைத் தணிக்கையாளர் சரிபார்க்க வேண்டும், விலையையும் வெளியிட வேண்டும் என்பது விதியானது.

அப்போதும் சாமர்த்தியம் ஓயவில்லை. தேர்வில் மட்டும் உதவும் விசேஷ வசதிகளை மென்பொருளில் நுழைத்ததாகப் புகார்கள் கிளம்ப, அவற்றைத் தடை செய்தது டிபிசி. 1990களின் இறுதியில், பெரிய கேள்விகளுக்கான டிபிசி-டி தேர்வில், விடைகளை முன்கூட்டியே கணக்கிட்டு வைத்துக்கொள்ளும் உத்தி வந்தது. கேள்வித்தாள் கையில் கிடைத்த மாணவன் முதல் மார்க் வாங்குவதில் என்ன அதிசயம்? 1999இல் அந்தத் தேர்வையே இரண்டாகப் பிரிக்க வேண்டியதாயிற்று.

தந்திரம் இல்லாமலும் எண்கள் ஏமாற்றும். ஒரே கேள்வியை இரண்டாம் முறை கேட்டால் விடை சட்டென்று வரும். தகவல் ஏற்கெனவே டிஸ்க்கிலிருந்து மெமரிக்கு வந்திருக்கும். டிஸ்க்கில் நிஜமாக எழுதும் முன்பே 'எழுதிவிட்டேன்' என்று சொல்லும்படி அமைத்த கம்ப்யூட்டரும் பந்தயத்தில் ஜெயிக்கும். கரண்ட் போகும்போதுதான் குட்டு வெளிப்படும். வங்கியில் அது யாரோ ஒருவருடைய சம்பளப் பணம்.

சரி, வாங்கியவர்களாவது உண்மையைச் சொல்லலாமே? அங்கேதான் பூட்டு. 1983இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் டேவிட் டிவிட் சில டேட்டாபேஸ்களை ஒப்பிட்டு முடிவுகளை வெளியிட்டார். ஆரக்கிளுக்கு அவை பாதகமாக இருந்தன. அதன்பின் லைசென்ஸில் ஒரு ஷரத்து முளைத்தது: கம்பெனியின் அனுமதியின்றி சோதனை முடிவுகளை வெளியிடக் கூடாது. மற்ற கம்பெனிகளும் அதைப் பின்பற்றின. 'டிவிட் ஷரத்து' என்று அவர் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது.

2021 நவம்பரில் டேட்டாபிரிக்ஸும் ஸ்னோஃப்ளேக்கும் யார் வேகமானவர் என்று பகிரங்கமாக மோதிக்கொண்டபோது, இரண்டுமே இந்தத் தடையைத் தளர்த்தின. எல்லோரும் அப்படிச் செய்துவிடவில்லை.

எனவே புத்திசாலி வாங்குபவர் செய்யக்கூடியது ஒன்றுதான். தன் தகவலையும் தன் கேள்விகளையும் கொடுத்து, தன் நெரிசல் நேரத்தில் ஓட்டிப் பார்க்கச் சொல்வது. கண்டுபிடித்ததை அடுத்த வாங்குபவரிடம் சொல்லலாமா என்பதை மட்டும் அவர் வக்கீலிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.