மலையில் மண் சரிந்தால் சட்டமன்றத்தில் என்ன கேட்பது?

‘‘ஒன்றரை ஏக்கரில் தேயிலை இருக்கிறது. மழை வந்தால் ஒரே நாளில் கொட்டித் தீர்க்கிறது. இல்லையென்றால் செடி காய்கிறது. ‘பருவநிலை மாற்றம் டெல்லியும் வெளிநாடுகளும் பேசித் தீர்க்க வேண்டிய விஷயம்’ என்கிறார்கள். எங்கள் எம்.எல்.ஏ-விடம் இதைக் கேட்டுப் பயன் உண்டா?’’

- கீழ் கோத்தகிரியிலிருந்து ஒரு வாசகர்.

பயன் உண்டு. ஆனால், எதை யாரிடம் கேட்பது என்று தெரிந்துகொண்டு கேட்க வேண்டும்.

நம் அரசியலமைப்புச் சட்டத்தில் விவசாயம், நிலம், தண்ணீர் மூன்றும் மாநிலப் பட்டியலில் இருக்கின்றன. காடு, மத்திய அரசுக்கும் மாநில அரசுக்கும் பொதுவானது. தேயிலை வாரியம் மட்டும் 1953-ம் ஆண்டு தேயிலைச் சட்டத்தின்படி மத்திய அரசிடம் இருக்கிறது. ஆகவே, தேயிலை வாரியத்தின் மானியம் பற்றி எம்.பி-யிடம் கேட்க வேண்டும். செடி நிற்கும் மண், அதன் மேல் ஓடும் தண்ணீர், சரிவில் எழும்பும் கட்டடம் பற்றியெல்லாம் எம்.எல்.ஏ-விடம்தான் கேட்க வேண்டும்.

கோத்தகிரிப் பக்கத்துக்கு வடகிழக்குப் பருவமழை முக்கியம். 2009 நவம்பர் 10-ம் தேதி கேத்தியில் ஒரே நாளில் 82 செ.மீ மழை பெய்தது. அந்த நாள்களில் நீலகிரியில் ஏற்பட்ட மண்சரிவுகளில் 40-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 10 ஆண்டுகள் கழித்து, 2019 ஆகஸ்ட்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ-க்கும் மேல் மழை கொட்டியது. மாவட்டத்தில் 283 இடங்களை ஆபத்தான பகுதிகள் என்று நிர்வாகம் பட்டியலிட்டு வைத்திருக்கிறது. இது பன்னாட்டு மாநாடு முடியும்வரை காத்திருக்கக்கூடிய விஷயமல்ல.

மேலிடம் தயங்கியபோது மாநிலங்கள் முந்திக்கொண்ட வரலாறு உண்டு. உலக நாடுகள் செய்துகொண்ட கியோட்டோ ஒப்பந்தத்தை 2001-ல் அமெரிக்க அரசு கைவிட்டது. அந்த நாட்டின் கலிஃபோர்னியா மாநிலச் சட்டமன்றமோ 2006-ல் தனியாக ஒரு சட்டம் போட்டது. ‘2020-க்குள் புகை வெளியேற்றத்தை 1990-ல் இருந்த அளவுக்குக் குறைக்க வேண்டும்’ என்றது அந்தச் சட்டம். 2016-லேயே அந்த இலக்கு எட்டப்பட்டது.

நம் நாட்டிலேயே சிக்கிம் இருக்கிறது. அதுவும் நீலகிரி மாதிரி மலைதான். அங்கேயும் தேயிலை உண்டு. இயற்கை விவசாயத்துக்கு மாறுவதென்று 2003-ல் சட்டமன்றத்தில் தீர்மானம் போட்டார்கள். 2014-ல் ரசாயன உரம், பூச்சிக்கொல்லி விற்பனையைத் தடுக்கச் சட்டமே கொண்டுவந்தார்கள். 2016-ல் முழு இயற்கை விவசாய மாநிலமாக அறிவிக்கப்பட்டது. தீர்மானத்திலிருந்து அறிவிப்பு வர 13 ஆண்டுகள் ஆயின.

தமிழ்நாட்டிலும் வேலை நடக்கிறது. 2022 செப்டம்பரில் பசுமைத் தமிழ்நாடு இயக்கமும், அதே ஆண்டு டிசம்பரில் காலநிலை மாற்ற இயக்கமும் தொடங்கப்பட்டன. மாவட்ட அளவில் ஆட்சியர் தலைமையில் ஓர் அமைப்பு இருக்கிறது. மாவட்ட வன அலுவலர்தான் அதன் காலநிலை அலுவலர். சதுப்பு நிலங்களுக்கும் தனி இயக்கம் உண்டு. கோத்தகிரிக்குப் பக்கத்தில் ஊர்களுக்குத் தண்ணீர் தரும் லாங்வுட் சோலை, 2024 ஜனவரியில் ராம்சார் பட்டியலில் இடம்பிடித்தது.

ஆனால், ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். இந்த இயக்கங்கள் அரசாணையால் வந்தவை. ஒரு அரசாணையை இன்னோர் அரசாணையால் மாற்றிவிடலாம். சட்டத்தை மாற்ற வேண்டுமென்றால் சட்டமன்றத்தில் எல்லோரும் பார்க்க விவாதம் நடத்தியாக வேண்டும். 2020 பிப்ரவரியில் காவிரி டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிச் சட்டம் நிறைவேறியது. புதிய எண்ணெய், எரிவாயுக் கிணறுகளுக்கு அது தடை போட்டது. ஏற்கெனவே இருந்த கிணறுகளை அது தொடவில்லை என்ற குறை உண்டு. இருந்தாலும், விவசாயி கையில் பிடித்துக்கொள்ள ஒரு சட்டம் இருக்கிறது. மலைக்கும் 1955-லேயே மரங்களைப் பாதுகாக்கும் சட்டம் வந்துவிட்டது. அது மரத்தைக் காக்கிறது. ஒரே நாளில் 80 செ.மீ மழை விழும் சரிவுக்கும், மூடிப்போன ஓடைக்கும் அது போதாது.

எனவே, ‘பருவநிலையைக் காப்பாற்றுங்கள்’ என்று பொதுவாக மனு எழுதினால் பதிலும் பொதுவாகத்தான் வரும். சர்வே எண்ணோடு எழுத வேண்டும். எந்த ஓடை அடைபட்டிருக்கிறது, எந்தச் சரிவில் மண் வெட்டியிருக்கிறார்கள், மழைநீர் எந்த வீட்டின் பக்கம் திரும்புகிறது என்று குறிப்பிட வேண்டும். ஊரிலிருக்கும் பத்து பேர் சேர்ந்து கையெழுத்துப் போட்டால் இன்னும் நல்லது.

அதை முதலில் கிராம சபையில் தீர்மானமாக்கலாம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. வடகிழக்கு மழைக்கு முன் வேலை முடிய வேண்டுமென்றால் மே 1-ஐ விடக்கூடாது. தீர்மான நகல் ஒன்று ஆட்சியருக்கும், ஒன்று குன்னூர் தொகுதி எம்.எல்.ஏ-வுக்கும் போக வேண்டும். எம்.எல்.ஏ-வுக்குத் தொகுதி மேம்பாட்டு நிதியாக ஆண்டுக்கு 3 கோடி ரூபாய் இருக்கிறது. வடிகால், தடுப்புச்சுவர் மாதிரியான வேலைகளை அதில் கேட்டுப் பார்க்கலாம். அந்த நிதிக்குள் அடங்காததைச் சட்டமன்றத்தில் கேள்வியாக எழுப்பச் சொல்லலாம். சட்டமன்றத்தின் மனுக்கள் குழுவுக்கும் பொதுமக்கள் எழுதலாம்.

சிக்கிமில் ஒரு தீர்மானம் பலன்தர 13 ஆண்டுகள் ஆனது. மலைச் சரிவுக்கான சட்டத்துக்கும் காலம் பிடிக்கலாம். ஓடையைத் தூர்வார அவ்வளவு காலம் தேவையில்லை. அடுத்த மழைக்குள் முடிக்கலாம். வாசகரின் மனுவில் இரண்டும் இருக்கட்டும்.