தற்செயலாம்! தற்கொலையாம்!



உலகப் படத்தை விரித்து, பசிபிக் மாகடலின்மீது விரலை ஓட்டிப் பாருங்கள். வடக்கே ஹவாய், தென்மேற்கே நியூசீலந்து, தென்கிழக்கே, சிலி நாட்டுக் கரைக்கு அப்பால் தன்னந்தனியாய் ஈஸ்டர் தீவு. அதன் மக்கள் அதற்கு இட்ட பெயர் ராப்பா நூயி. இம்மூன்று முனைகளுக்குள் அடங்கிய மாபெரும் முக்கோணத்தில், வாழத்தக்க தீவு ஏறக்குறைய ஒவ்வொன்றையும் ஐரோப்பியர் வருமுன்பே தேடிக் கண்டு குடியேறியிருந்தனர் பாலினீசிய மக்கள். அவர்களிடம் திசைகாட்டும் கருவி இல்லை. இரும்பு ஆணியும் இல்லை. இரட்டைத் தோணி இருந்தது. விண்மீனின் எழுச்சியையும் அலையின் போக்கையும் பறவையின் பாதையையும் படித்தறிந்த அறிவு இருந்தது.

இம்மக்களைப்பற்றி ஏடுகள் வழங்கிய தீர்ப்பு என்ன தெரியுமா? அவர்கள் வந்தது தற்செயல்! வீழ்ந்தது தற்கொலை! வந்ததில் அவர்களுக்குப் பெருமை இல்லை. வீழ்ந்ததில் வேறெவர்க்கும் பொறுப்பு இல்லை. எத்துணை வசதியான தீர்ப்பு! இரண்டையும் எடைபோட்டுப் பார்ப்போம், வாருங்கள்.

1947ஆம் ஆண்டு, நார்வே நாட்டவரான தோர் ஹெயர்தால், பெரு நாட்டுக் கரையிலிருந்து ஒரு கட்டுமரத்தில் ஐந்து தோழர்களோடு புறப்பட்டு, 101 நாட்களில் பாலினீசியத் தீவொன்றை அடைந்தார். அந்தத் துணிவைப் போற்றுவோம். ஆனால் அவர் நிலைநாட்ட விரும்பிய கொள்கை யாது? தென் அமெரிக்காவிலிருந்து சென்ற, வெண்ணிறமும் தாடியும் கொண்ட ஓர் இனத்தார் அத்தீவுகளுக்கு நாகரிகம் கொணர்ந்தனர் என்பது! 1956இல் ஆண்ட்ரூ ஷார்ப் என்பார் நூலொன்று எழுதினார். நெடுந்தொலைவுத் தீவுகளில் குடியேறியவர் காற்றால் வழிதவறிக் கரை ஒதுங்கியவரே என்றார். ஒருவர், அம்மக்களின் பெருமையை வேற்றினத்தாருக்குச் சாசனம் செய்தார். மற்றவர் காற்றுக்குச் சாசனம் செய்தார்!

காற்றடித்து ஒதுங்குகிறவன் பெண்டு பிள்ளைகளையும், கோழியையும் பன்றியையும், நட்டுப் பயிராக்கச் சேம்பையும் வாழையையும் கட்டிக்கொண்டா ஒதுங்குவான்? 1769இல் கேப்டன் குக்கின் கப்பலில் ஏறிய துப்பாயா என்ற பாலினீசியர், எழுபதுக்கும் மேற்பட்ட தீவுகள் குறித்த படமொன்றைத் தம் நினைவிலிருந்தே வரையச் செய்தாரே, அதுவும் தற்செயலா?

இறுதி விடையைக் கடலே தந்தது. 1976ஆம் ஆண்டு 'ஹோக்குலேயா' என்ற இரட்டைத் தோணி ஹவாயிலிருந்து தாகித்திக்குப் புறப்பட்டது. கருவி எதுவுமின்றி வழிநடத்தியவர், சத்தவால் என்னும் சின்னஞ்சிறு தீவில் பிறந்து, பாட்டனாரிடம் கடற்கலை பயின்ற மவு பியாயிலுக். நாலாயிரம் கிலோமீட்டருக்கும் மேற்பட்ட கடலை ஒரு மாதத்திற்குச் சற்று மேற்பட்ட நாட்களில் கடந்து, குறித்த தீவைக் குறி தவறாது அடைந்தார். அன்று தாகித்தித் துறைமுகத்தில் ஆயிரமாயிரமாய்க் கூடிய மக்கள் வரவேற்றது தோணியை மட்டுமா? பறிக்கப்பட்ட தம் பெருமையையும் அல்லவா!

அவர்களது பயணம் தீவுகளோடும் நின்றுவிடவில்லை. நம் சந்தையில் குவிந்து கிடக்கும் சர்க்கரைவள்ளிக்கிழங்கின் தாயகம் அமெரிக்கா. நமக்கு அதைக் கொணர்ந்தவை ஐரோப்பியக் கப்பல்கள். பாலினீசியத் தோட்டங்களிலோ, அக்கப்பல்கள் வருமுன்பே அது விளைந்தது. நியூசீலந்தின் மாவோரிகள் அதைக் 'கூமரா' என்கின்றனர். ஆண்டிஸ் மலைநாட்டுக் கெச்சுவா மொழியிலோ 'குமர்' என்ற சொல் வழங்குகிறது! கிழங்கு தானே மிதந்து சென்றிருக்கலாம் என்பாரும் உளர். கிழங்கு மிதக்கட்டும், பெயருமா மிதந்து செல்லும்?

2020இல் வெளியான மரபணு ஆய்வு, 17 தீவுகளின் மக்களையும் அமெரிக்கப் பசிபிக் கரையோரத் தொல்குடிகளையும் ஒப்பிட்டது. ஏறத்தாழ கி.பி. 1200 அளவில், இன்றைய கொலம்பியப் பகுதியின் தொல்குடியினரை ஒத்த மக்களும் பாலினீசியரும் கலந்தனர் என்று காட்டியது. கொலம்பசு பிறப்பதற்கு இரண்டு நூற்றாண்டுகளுக்கு முன்பே! யார் யாரை நாடிச் சென்றனர் என்பதில் ஆய்வாளரிடையே வழக்கு உண்டு. இரு திறத்தாரும் கடலோடிகளே. 1526இல் ஸ்பானியர் தென் அமெரிக்கக் கரையருகே எதிர்ப்பட்டபோது, அந்நாட்டவர் பாய்விரித்த கட்டுமரத்தில் துணியும் அணிகலனும் ஏற்றி வாணிபம் செய்துகொண்டிருந்தனர்.

இனி, இரண்டாம் தீர்ப்பு. ராப்பா நூயி மக்கள் மாபெருஞ் சிலைகளை எழுப்பும் வெறியில் காட்டை வெட்டி, பட்டினி கிடந்து, ஒருவரையொருவர் கொன்று, ஐரோப்பியர் வருமுன்பே தாமே அழிந்தனர் என்பது கதை. பனைகள் அழிந்தது மெய், மறுக்கவில்லை. ஆனால் மக்கள் அழிந்தனரா? 2024இல் வெளியான ஆய்வு, அத்தீவின் முன்னோர் 15 பேரின் எலும்புகளில் மரபணுவைப் படித்தது. பதினேழாம் நூற்றாண்டில் மக்கள்தொகை சரிந்ததற்கான அடையாளமே இல்லை. 1860கள் வரை அது மெல்ல மெல்லப் பெருகியே வந்திருக்கிறது!

1860களில் நடந்தது என்ன? 1862இல் பெருவிலிருந்து ஆள்பிடி கப்பல்கள் வந்தன. ஏறத்தாழ 1,500 பேரை அடிமைகளாய் வாரிச் சென்றன. உயிர் தப்பித் திரும்பிய சிலரோடு பெரியம்மையும் வந்தது. 1877இல் தீவில் எஞ்சியோர் 111 பேர்! 1888இல் சிலி அரசு தீவைத் தனதாக்கியது. பின்னர் அது கம்பெனியொன்றின் செம்மறியாட்டுப் பண்ணையாயிற்று. ஆடுகள் தீவெங்கும் மேய, மண்ணுக்குரிய மக்கள் ஹங்கா ரோவா என்ற ஒரே ஊருக்குள் அடைக்கப்பட்டனர். 1953 வரை கம்பெனியின் ஆட்சி நீடித்தது. 1966இல்தான் அவர்களுக்குக் குடியுரிமையும் வாக்குரிமையும் கிடைத்தன. இதுவா தற்கொலை?

அந்த 15 பேரின் எலும்புகள் இருந்த இடம் பாரிஸ் நகரக் காட்சிசாலை. 1868இல் ஆங்கிலேயக் கடற்படைக் கப்பல் தூக்கிச் சென்ற முன்னோர் சிலையோ இலண்டன் காட்சிசாலைக்குப் போயிற்று. 2018இல் தீவு மக்களின் தூதுக்குழு இலண்டனுக்கே சென்று அதைத் திருப்பித் தரக் கேட்டது. 'தாமே அழிந்தவர்கள்' என்று எழுதிவைத்தால், திருப்பித் தர ஆளேது என்று கைவிரித்துவிடலாம் அல்லவா? அழியாத மக்கள் வாயிலில் வந்து நின்று கேட்கிறார்கள்!

ஆகவே தோழர்களே, ஒரு மக்களின் எழுச்சி தற்செயல், வீழ்ச்சி அவர்கள் குற்றம் என்று எந்த ஏடு கூறினாலும், இரண்டு கேள்விகள் கேளுங்கள். எழுதுகோல் எவன் கையில் இருந்தது? அப்போது அந்த மண்ணில் எவனுடைய ஆடு மேய்ந்துகொண்டிருந்தது?