ரெண்டே ரெண்டு ஸ்க்ரூதானே!

"ஃபைபருங்க, அழுகவே அழுகாது."

இதை எனக்குச் சொல்லாத ஆளே நாகப்பட்டினத்துல கிடையாது. போட்டு செஞ்சவர் சொன்னார். எஞ்சின் வித்தவர் சொன்னார். அக்கரைப்பேட்டை டீக்கடையில பக்கத்துல உட்கார்ந்த யாரோ ஒரு மனுஷன்கூட சொன்னார். நானும் இருபது வருஷமா நாலு பேருக்குச் சொல்லிட்டுத் திரிஞ்சேன். போன மாசம், எஞ்சின் மாட்டுற பின்பலகையில ஒரு ஸ்க்ரூவைக் கழட்டினேன். ஸ்க்ரூ வந்துச்சு. பின்னாலேயே பழுப்புத் தண்ணி வந்துச்சு. வந்துகிட்டே இருந்துச்சு.

ஃபைபர் அழுகாது, வாஸ்தவம். உள்ளே வெச்ச பிளைவுட் அழுகுமே ஐயா! அதை ஏன் ஒருத்தரும் வாயைத் திறந்து சொல்லல?

அந்தப் பின்பலகை இருக்கே, அது முழுக்க ஃபைபர் இல்ல. வெளியில ஒரு ஃபைபர் தோல், உள்பக்கம் ஒரு தோல், நடுவுல பிளைவுட். எஞ்சின் தொங்குறது அதுலதான். போட்டை முன்னால தள்ளுற விசை அத்தனையும் ஏறுறதும் அதுமேலதான். அதுல போட்ட ஒரே ஒரு ஓட்டையை ஒழுங்கா அடைக்காம விட்டா போதும், தண்ணி உள்ளே போயிடும். போன தண்ணிக்கு வெளியே வர வழி கிடையாது. இதுல வேடிக்கை என்னன்னா, உப்புத்தண்ணியைவிட மழைத்தண்ணிதான் மரத்தைச் சீக்கிரம் உளுத்துப்போக வைக்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில தொழிலுக்குப் போகாம போட்டைக் கரையில பத்திரமா ஏத்தி வெச்சோம் பாருங்க, அந்தப் பத்திரத்துலதான் உளுத்திருக்கு.

ரிப்பேர் பாக்குற தம்பியைக் கூட்டிட்டு வந்தேன். சுத்தியல் காம்பால ஓரத்துல தட்டினான். 'டங் டங்'. எஞ்சின் மாட்டுற இடத்துக்கு வந்ததும் 'டொப்'. காதை வெச்சுக் கேட்டுட்டுச் சிரிக்கிறான். "அண்ணே, பலா நல்லா பழுத்திருக்கு."

சரிப்பா, என்ன பண்ணலாம்?

"ஒண்ணும் கவலப்படாதீங்க. மேல பட்டி போட்டு ஜெல்கோட் அடிச்சுட்டா பளபளன்னு ஆயிடும்."

கோபம் வந்துச்சு. ஆனா கத்த முடியல. ஏன்னா 2018 நவம்பர் 16 விடியக்காலையில கஜா புயல் புரட்டிப்போட்டுட்டுப் போனப்போ, அந்தப் பலகையில விழுந்த வெடிப்பை நான் எப்படிச் சரிபண்ணினேன்னு நினைக்கிறீங்க? பட்டி. ஜெல்கோட். பளபள. ஊரே அப்படித்தான் பண்ணுச்சுன்னு வேணா சொல்லிக்கலாம். அதுக்காகப் பலகை காஞ்சிடுமா?

இந்தத் தடவை விடல, உள்தோலை அறுக்கச் சொன்னேன். டிகாக்‌ஷன் இறக்கின காப்பித்தூள் மாதிரி கறுப்பா, சொதசொதன்னு கையோட வந்துச்சு. அதுகூடப் போகட்டும், இருபது வருஷப் பலகை. அடியில தெரிஞ்சுது பாருங்க சங்கதி! ஒரே பலகை கிடையாது. வேற எதுக்கோ வெட்டினதுல மிஞ்சின துண்டுகளை அடுக்கி, நடுவுல விரல் போற சந்து விட்டு, மேல ஃபைபரைப் போட்டு மூடியிருக்காங்க.

2004 டிசம்பர் 26 சுனாமியில இந்த மாவட்டத்துல மட்டும் 6,000 பேருக்கு மேல போனாங்க. கட்டுமரமும் வலையும் போனது தனிக்கணக்கு. அப்புறம் உதவி வந்துச்சு, எங்க போட்டும் அப்படி வந்ததுதான். மனசார வந்துச்சு, குடுத்தவங்களைக் குத்தம் சொல்ல நாக்கு கூசுது. ஆனா கரையோரம் பூரா போட்டு கட்டுற ஷெட்டு திடீர்னு முளைச்சுது. எத்தனை போட்டு குடுத்தோம்னு எண்ணத்தான் ஆள் இருந்தாங்க. தட்டிப் பார்க்க ஒருத்தர் இருந்தாரா? எங்க போட்டுல குடுத்தவங்க பேரை எழுதின எழுத்து மட்டும் இன்னும் அழியல. அதுக்கு நல்ல பெயின்ட் போல.

எங்க அப்பா கட்டுமரத்துல போனவர். கரைக்கு வந்ததும் கயித்தை அவிழ்த்து, மரத்தைப் பிரிச்சு மணல்ல காயப்போடுவாங்க. எந்த மரம் தண்ணி குடிச்சிருக்கு, எது இத்துப்போச்சுன்னு தூக்கும்போதே தோள்பட்டைக்குத் தெரிஞ்சுடும். இப்ப எல்லாம் மூடித்தான் இருக்கு. தெரியிறதுக்கு நடுக்கடல்ல எஞ்சின் பிச்சுக்கிட்டுத் தொங்கணும்.

பிளைவுட் வாங்கப் போனேன். "மெரைன் பிளைதான் சார், கண்ணை மூடிட்டு எடுத்துட்டுப் போங்க." திறந்துகிட்டே பார்த்தேன். முத்திரையில ஐ.எஸ். 303. அது வீட்டு அலமாரிக்கு. கடலுக்கு 710 வேணும். 72 மணி நேரம் தண்ணியில வேகவெச்சாலும் பசை விட்டுக்கொடுக்கக் கூடாது, அதுதான் அதுக்குப் பரீட்சை. கேட்டா, "எல்லாரும் இதைத்தான் சார் வாங்குறாங்க." எல்லாரும்! இந்த 'எல்லாரும்' யாருன்னு ஒருநாள் பார்த்துடணும்.

ஏப்ரல் 15-லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். தடை விசைப்படகுக்கு, நமக்கு இல்ல. ஆனா ரிப்பேர் தெரிஞ்ச கை அத்தனையும் கடுவையாத்துல ஏத்தின விசைப்படகுலதான் நிக்குது. தம்பி வந்ததே மூணாவது வாரம். அதுலயும் அவசரம். ரெசின்ல நூத்துக்கு ஒண்ணு, ஒண்ணரை கேட்டலிஸ்ட் கலக்கணும். அவன் கண்ணளவுல சாய்க்கிறான். நாகப்பட்டினத்து மே மாச வெயில் வேற. ஃபைபர் மேட்டை விரிச்சு முடிக்கிறதுக்குள்ள மக்குல புகை கிளம்பி, ரெசின் மக்கோட கல்லாயிடுச்சு. "ரெசின் சரியில்லண்ணே"ங்கிறான். வேறெப்படிச் சொல்லுவான்?

அன்னைக்கு வீட்டுக்கு வர்ற வழியில ஒரு வாய்க்கால் மதகைப் பார்த்தேன். ஜூன் 12 மேட்டூர் அணை திறப்பு வருதுல்ல, ஷட்டருக்குப் பச்சை பெயின்ட் அடிச்சிருந்தாங்க. அடித்தகடு துருப்பிடிச்சு ஓட்டையாகி அந்தப்பக்கம் தெரியுது. ஓட்டையோட ஓரத்துக்கும் விடாம பெயின்ட். கடைமடைக்காரன் தலையெழுத்து. என் போட்டுக்கும் அந்த ஷட்டருக்கும் ஒரே கான்ட்ராக்ட்டோன்னு ஒரு நிமிஷம் சந்தேகமே வந்துடுச்சு.

எப்படியோ முடிஞ்சுது. 710 பலகை, ரெண்டு பக்கமும் ரெசின் குடிக்கவிட்டு, மூலைக்கு மூலை மேட் ஏத்தி, போல்ட் ஓட்டையைக்கூட பெருசாத் துளைச்சு, ரெசின் ஊத்தி அடைச்சு, அது நடுவுல திரும்பத் துளைச்சு. கூடவே நின்னு வாங்கினேன். தட்டினா 'டங்'. மணி மாதிரி 'டங்'.

நேத்து எஞ்சின் மாட்ட மெக்கானிக் வந்தார். நான் டீ வாங்கப் போனேன், அஞ்சு நிமிஷம் இருக்கும். திரும்பி வர்றேன், கையில டிரில் மிஷின். வயரைப் பிடிக்க புதுப் பலகையில கிளிப்பு அடிச்சுக்கிட்டிருக்கார்.

"சீலன்ட் எங்கண்ணே?"

"அட, ரெண்டே ரெண்டு ஸ்க்ரூதானே தம்பி. ஃபைபருக்கு என்ன ஆயிடப்போவுது?"